சத்திரமும் வீடும்

2025-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் முறையீடு விசாரணைக்கு வந்தது. குற்ற வழக்கொன்றில் தண்டனைக் காலத்தை முடித்துவிட்டவர் அவர். திருப்பி அனுப்பப்பட்டால் தம் உயிருக்கு ஆபத்து என்றும், மனைவி மக்கள் இந்நாட்டிலேயே வாழ்கின்றனர் என்றும் கூறி, இங்கேயே தங்க அனுமதி வேண்டினார். நீதியரசர்கள் தீபாங்கர் தத்தா, கே. வினோத் சந்திரன் ஆகியோர் அடங்கிய அமர்வு அவ்வேண்டுகோளை ஏற்கவில்லை. உலகெங்கிலுமிருந்து வருகின்ற அகதிகளையெல்லாம் ஏற்பதற்கு இந்தியா தர்மசாலை அன்று, நூற்று நாற்பது கோடி மக்களோடு இந்நாடே திணறிக்கொண்டிருக்கிறது என்னும் பொருள்படும் கருத்து அன்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. தர்மசாலை என்பதைத் தமிழில் நாம் சத்திரம் என்போம்.

வாய்மொழிக் கருத்து தீர்ப்பாகாது என்று சட்டம் அறிந்தோர் உடனே கூறுவர். உண்மைதான். ஆயினும் ஓர் அரசின் கொள்கை சட்டப் புத்தகத்தில் இடம்பெறாதபோது அது சொற்களில்தான் உயிர்வாழ்கிறது. இந்தியாவில் அகதிகள் பற்றிய கொள்கைக்கு வாய்த்திருப்பது அத்தகைய வாழ்வே. ஆகவே இந்த ஒரு சொல்லைச் சற்றே உரைத்துப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

சத்திரம் தமிழர்க்கு இழிசொல் அன்று. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பெருவழியில் சத்திரங்களை எழுப்பினர். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தின் பெயரை அறியாதார் அப்பகுதியில் இலர். ஒட்டன்சத்திரம் போன்ற ஊர்களின் பெயரிலேயே அந்த அறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழிப்போக்கர்க்குப் படுக்க இடமும் உண்ணச் சோறும் கிடைத்த இடம் அது. கிறிஸ்தவராகிய நமக்கு இச்சொல் இன்னும் அணுக்கமானது. பெத்லகேமில் மரியாவுக்கும் யோசேப்புக்கும் இடம் கிடைக்காத கட்டடம் பழைய தமிழ் விவிலியத்தில் சத்திரமே. புதிய மொழிபெயர்ப்பு அதனை விடுதி ஆக்கியபின்னும், நம் பங்குகளில் நடக்கும் கிறிஸ்து பிறப்பு நாடகங்களில் யோசேப்பு இன்றும் சத்திரக்காரனிடந்தான் கெஞ்சுகிறார்.

சத்திரத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தங்குபவர் போய்விட வேண்டும். இன்று உண்டது நாளையும் கிடைக்கும் என்று அவர் வழக்குரைக்க முடியாது. கட்டியவருக்குப் புண்ணியம், தங்கியவருக்கு நன்றிக்கடன், அதற்குமேல் இருவருக்கும் இடையே எவ்விதப் பிணைப்பும் இல்லை. நீதிமன்றத்தில் ஒலித்த சொல்லோடு நான் முரண்படுவது இந்த இடத்தில்தான். இந்தியா சத்திரமாக மறுக்கிறது என்று நான் குறைகூற வரவில்லை. ஈழத்திலிருந்து வந்தவர்களைப் பொறுத்தவரை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியா, குறிப்பாகத் தமிழ்நாடு, சத்திரமாக மட்டுமே இருந்து வந்துள்ளது என்பதே என் குறை. சத்திரத்தைத் திறப்பதா மூடுவதா என்று வழக்காடுகிறோம். அதில் பிறந்து, அதிலேயே மணம் முடித்து, அதிலேயே பேரப்பிள்ளை கண்டவர்களை இன்னும் வழிப்போக்கர் என்று அழைப்பது பொருந்துமா என்று கேட்பதில்லை.

எடப்பாடியில் இருந்துகொண்டு இதனைப் படிப்பவர்க்கு இது தொலைவிலுள்ள செய்தியாகத் தோன்றலாம். கடல் காணாத சமவெளி இது. விசைத்தறிகளின் ஓசைக்கு நடுவே வங்கக் கடலின் அலையோசை கேட்பதற்கில்லை. ஆனால் தாரமங்கலத்தை அடுத்த பவளத்தானூரிலும் குறுக்குப்பட்டியிலும், நாமக்கல் பக்கம் பரமத்தியிலும் எம். மேட்டுப்பட்டியிலும் ஈழத்தமிழர் முகாம்கள் இருக்கின்றன. கடற்கரையில் இறங்கியவர்களை மண்டபத்தில் பதிவுசெய்து உள்மாவட்டங்களுக்குப் பிரித்தனுப்புவது அரசின் முறையாக இருந்தது. மன்னாரிலும் திருகோணமலையிலும் கடற்காற்றில் வளர்ந்த குடும்பங்கள் இப்படித்தான் மானாவாரி நிலங்களின் ஓரத்தில் வந்து சேர்ந்தன. ஆண்கள் பெரும்பாலும் வண்ணம் பூசும் வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்கின்றனர். மாதந்தோறும் அதிகாரிகள் வந்து ஆள் கணக்குப் பார்ப்பர். அந்நாளில் வெளியூரில் வேலையில் இருந்தவரின் உதவித்தொகைக்கு ஆபத்து.

எடப்பாடியை அடுத்த பூலாம்பட்டியில் காவிரியைக் கடக்கப் படகு உண்டு. அக்கரை நெரிஞ்சிப்பேட்டை. சேலம் மாவட்டத்தில் ஏறி ஈரோடு மாவட்டத்தில் இறங்குபவரிடம் யாரும் தாள் கேட்பதில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். எடப்பாடியிலிருந்து சேலம் செல்லும் தொலைவைக்கூட அது எட்டாது. அகதிகள் உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள் என்னும் கூற்றை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். வந்தவர்கள் பக்கத்து வீட்டார். பேசுவது நம் மொழி. அவர்களுள் கணிசமானோர் நம் மறையினர்.

நாடிழந்து வந்தவரை இச்சேலத்துச் சீமை முன்பும் கண்டிருக்கிறது. 1623-இல் மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்ட தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி சேந்தமங்கலத்தையும் சேலத்தையும் அடைந்தார். அவருடைய போதனையை ஏற்றுத் திருமுழுக்குப் பெற்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர் திருமங்கல நாயக்கர். சேந்தமங்கலத்து ஆட்சியை உடன்பிறந்தவரிடம் இழந்து, சேலத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர் அவர். சேலம் மறைமாவட்டம் 1930-இல்தான் நிறுவப்பட்டது. ஆனால் இம்மண்ணின் விசுவாச வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் ஓர் அரசியல் அகதியின் பெயர் இருக்கிறது. இதனை நாம் விழாக்களில் நினைவுகூர்வதாகத் தெரியவில்லை.

இனி சட்டத்தின் பக்கம் வருவோம். அகதி என்பவர் யார் என்று நம் நாட்டுச் சட்டத்தைக் கேட்டால் அது பதில் சொல்லாது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் 1967-ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் இந்தியா சேரவில்லை. உள்நாட்டிலும் அச்சொல்லை வரையறுத்து உரிமை வழங்கும் சட்டம் இயற்றப்படவில்லை. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம், விசாக் காலம் முடிந்தும் கோவாவில் சுற்றிக்கொண்டிருக்கும் உல்லாசப் பயணியையும், குண்டுவீச்சுக்குத் தப்பி நள்ளிரவில் தோணியேறிய தாயையும் ஒரே தராசில் நிறுத்தியது. 2003-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தம் முறையான தாள்களின்றி வந்தவர்க்குச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று பெயரிட்டது. பெற்றோருள் ஒருவர் அப்பெயருக்கு உரியவரானால், அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தபின் பிறந்த குழந்தையும் பிறப்பால் குடிமகன் ஆகாது. முகாமில் பிறந்த குழந்தை எந்த எல்லையைச் சட்டவிரோதமாகக் கடந்தது? கருவறையின் எல்லையை மட்டுந்தான்.

2025-இல் பழைய சட்டங்கள் நீக்கப்பட்டுக் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்தது. அகதி என்ற வகை அதிலும் இல்லை. ஆயினும் அவ்வாண்டு செப்டம்பர் தொடக்கத்தில் வெளியான விலக்கு ஆணை ஒன்று, 2015 சனவரி 9-ஆம் நாள் வரை வந்து அடைக்கலம் புகுந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்ற குறைக்காக வரும் நடவடிக்கையிலிருந்து விடுவித்தது. இது நன்மையே, இதனைச் சிறுமைப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் விலக்கு என்பது ஒருவகை மன்னிப்பு. மன்னிக்கப்படுபவர் குற்றம் செய்தவர் என்பது அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது.

சட்டமில்லாத இடத்தில் அரசு விரும்பினால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குத் திபெத்தியரே சான்று. 1959-க்குப் பின் வந்த அவர்களுக்குக் கர்நாடகத்தின் பைலகுப்பேயில் விளைநிலம் தரப்பட்டது. பள்ளிகளும் மடாலயங்களும் எழுந்தன. 2014-இல் அவர்களுக்கெனத் தனிப்பட்ட மறுவாழ்வுக் கொள்கையை நடுவண் அரசு வெளியிட்டது. அவர்களுக்குத் தந்ததை நான் குறைசொல்லவில்லை. அதே உடன்படிக்கையில் கையெழுத்திடாத அதே அரசு, ஒருவர்க்கு வயலும் மற்றவர்க்குப் பத்தடிக்குப் பத்தடி தடுப்பும் தந்ததென்றால், இது சட்டத்தின் இயலாமை ஆகுமா?

வந்தவர்களின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1983 சூலை மாதக் கொடுமைகளுக்குப் பின் தொடங்கி, 1990-இலும் 1996-இலும் 2006-இலும் போர் கடுமையானபோதெல்லாம் அலையலையாக வந்தனர். உள்துறை அமைச்சகக் கணக்கின்படி மொத்தம் மூன்று இலட்சத்துக்குச் சற்று மேல். 1983-இல் வந்தவரைத் தமிழகம் வரவேற்ற விதத்தை நினைவிலுள்ள முதியோர் இன்றும் கூறுவர். உயர்கல்வியில் இடம் ஒதுக்கப்பட்டது. பள்ளிக் கதவுகள் திறந்தன. பிறகு 1991 மே 21-ஆம் நாள் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்டார். சத்திரத்தின் விளக்கு ஒரே இரவில் அணைந்தது. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் செல்லத் தடை வந்தது. கல்லூரி இடங்கள் நிறுத்தப்பட்டன. முகாம்வாசி ஒவ்வொருவரும் ஐயத்துக்குரியவர் ஆனார். 1992 சனவரியில் திருப்பி அனுப்புதல் தொடங்கியது. விருப்பமின்றி அனுப்பப்படுகின்றனர் என்ற கண்டனம் எழுந்தபின், அவ்வாண்டில் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் சென்னையில் அமர்ந்து, போகிறவர்கள் மனமொப்பிப் போகிறார்களா என்று கேட்க இசைவு தரப்பட்டது. 1995 மார்ச்சுக்குள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் திரும்பினர். விரைவிலேயே போர் மூண்டு, மீண்டும் தோணிகள் வந்தன. 1996-இல் ஆட்சி மாறியபின் கல்லூரி இடங்களும் திரும்பி வந்தன.

கொடுத்தவர் யார், பறித்தவர் யார் என்று கட்சிக் கணக்குப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அரசாணையால் வந்தது அரசாணையால் போயிற்று என்பதே கவனிக்கத்தக்கது. பதினேழு வயது மாணவனின் கல்லூரிக் கனவு, தான் கண்டறியாத யாரோ செய்த கொலையோடு கட்டப்பட்டிருந்தது. அது உரிமையாக இருந்திருந்தால் நீதிமன்றத்தில் கேட்டிருக்கலாம். தருமமாக இருந்தபடியால் கேட்க வழியில்லை.

நாட்டின் பாதுகாப்பைப் பற்றிய அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடவும் கூடாது. ஒரு முன்னாள் பிரதமர் தமிழ் மண்ணில் கொல்லப்பட்டதும், அவரோடு அப்பாவிகள் பலர் மாண்டதும் மறக்கக்கூடியவை அல்ல. ஆயுதம் தாங்கியவரை அடையாளங் கண்டு பிரிப்பது அரசின் கடமை. ஆனால் அப்படிப் பிரிப்பதற்குத்தான் சட்டம் வேண்டும். விண்ணப்பம், விசாரணை, காரணம் கூறும் முடிவு, மேல்முறையீடு என்ற நடைமுறை இருந்தால், தஞ்சம் தேடி வந்தவர் இவர், மறைந்து வந்தவர் இவர் என்று தனித்தனியே கூறலாம். அது இல்லாத நாட்டில் எல்லாரையும் நம்புவது அல்லது எல்லாரையும் ஐயுறுவது என்ற இரண்டே வழிகள். 1991-க்கு முன் முதல் வழியிலும் பின் இரண்டாம் வழியிலும் நடந்தோம். வேலூர்க் கோட்டையிலும் செங்கல்பட்டிலும் திருச்சியிலும் சிறை என்ற பெயரில்லாத சிறைகளாகச் ‘சிறப்பு முகாம்கள்’ தோன்றியது இந்த வெற்றிடத்தில்தான். முன்னே சொன்ன முறையீட்டுக்காரரும் தண்டனை முடிந்தபின் அத்தகைய முகாமொன்றில் வைக்கப்பட்டிருந்தவரே.

சேலம், நாமக்கல் வாசகர் தனிக்கவனம் செலுத்த வேண்டிய பகுதி ஒன்று உண்டு. முகாம்களில் இருப்போர் அனைவரும் யாழ்ப்பாணத்தாரோ வன்னியாரோ அல்லர். ஏறத்தாழப் பாதிப்பேர் மலையகத் தமிழர் வழிவந்தோர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, கங்காணியின் சொல்லை நம்பி, திருச்சி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் கொடிவழி அது. நாமக்கல் அன்று சேலம் மாவட்டத்துக்கு உட்பட்டது. போகும்போது அவர்களைத் தடுத்துவைத்து நோய் சோதித்த இடம் மண்டபம். அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசே. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் இந்திராவும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். தானியத்தை மரக்காலால் அளந்ததுபோல் அளந்தார்கள். அளக்கப்பட்டவரிடம் யாரும் கேட்கவில்லை. 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியாவுக்கென எழுதப்பட்டவர்களுள் பலர் அக்கரையிலேயே தங்கிப்போயினர். பின்னர் வன்முறைக்கு அஞ்சித் தோணியில் வந்தபோது, ஒப்பந்தத்தின்படி இந்தியர் ஆகவேண்டியவர்கூட முகாம் பதிவேட்டில் இலங்கையராக எழுதப்பட்டார்.

போன வழியே மண்டபம். வந்த வழியும் மண்டபம். பாட்டனாரின் பாட்டனார் புறப்பட்ட மாவட்டத்துக்கே திரும்பிவந்து, அங்கே வெளிநாட்டவராகக் கையெழுத்திடும் மனிதர் இருக்கிறார் என்றால் அந்தக் கையெழுத்துக்கு என்ன பெயர் சூட்டுவது? 2019 சூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், இத்தகைய இந்திய வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரையைக் காரணங்காட்டி நடுவண் அரசு அவர்களை ஒதுக்கலாகாது என்றும் கூறினார். இந்நாட்டு நீதிமன்றங்கள் அனைத்தும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

அவ்வாண்டின் இறுதியில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 திசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவச் சிறுபான்மையினர் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்படார் என்றது. கிறிஸ்தவர் பட்டியலில் இருக்கின்றனர் என்று நம்மவருள் சிலர் அமைதியடைந்தனர். மன்னாரிலிருந்து வந்த கிறிஸ்தவர் அதில் இல்லையே என்று எத்தனைபேர் கேட்டோம்? இசுலாமியரை விட்டது வெளிப்படையான வேறுபாடு. அண்டை நாடுகளுள் இலங்கையையே விட்டது ஓசையற்ற வேறுபாடு. மாநிலங்களவையில் 2019 திசம்பர் 11-இல் 125-க்கு 105 என்ற கணக்கில் அது நிறைவேறியபோது, அன்று தமிழகத்தை ஆண்ட அ.தி.மு.க.வின் வாக்குகள் ஆதரவுப் பக்கம் விழுந்தன. அப்போது முதலமைச்சராக இருந்த எடப்பாடி கே. பழனிசாமி அவர்கள் இவ்வூரின் பெயரைத் தம் பெயராகக் கொண்டவர். இத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். ஈழத்தமிழர்க்கு இரட்டைக் குடியுரிமை வேண்டும் என்று அக்கட்சி கோரியும் வந்தது. கோரிக்கையை வைத்திருந்தவர்கள், வாக்கு தங்கள் கையில் இருந்த நாளில் அதனை விலையாகக் கேட்டிருக்கலாம். அது நடவாததுபற்றி எடப்பாடியில் எவரேனும் அவரிடம் வினவினார்களா என்பது வேறு செய்தி. தறிகளுக்கு மின்சாரம் கேட்கிறோம், சரபங்கா ஆற்றுக்குத் தண்ணீர் கேட்கிறோம். பவளத்தானூருக்காகக் கேட்க நமக்கு என்ன தொடர்பு என்ற எண்ணம் வாக்காளரிடமும் உண்டு. அரசியலார் அதனை நன்கு அறிவர்.

2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டமொன்றை அறிவித்தார். சிதைந்த 7,469 வீடுகள் புதிதாகக் கட்டப்படும். குடும்பத் தலைவரின் மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகும். மாணவர்க்கு உதவி கூடும். அகதிகள் முகாம் என்ற பெயரும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. கட்டப்பட்ட வீடுகளைப் பார்த்தவர் அவை நல்ல வீடுகள் என்றே கூறுவர். அதில் எனக்கும் மகிழ்ச்சியே. பெயர் மாற்றத்தைப்பற்றித்தான் ஒரு சொல். அகதி என்பது வடசொல்; போக்கிடம் அற்றவர் என்பது பொருள். ஏதிலி என்ற தமிழ்ச் சொல்லும் ஏறக்குறைய அதனையே சொல்கிறது. இரண்டும் வலிக்கும் சொற்கள்தாம். ஆனால் உலகச் சட்டமொழியில் அகதி என்பதற்கு உரிமைகள் உண்டு. மறுவாழ்வு முகாம்வாசி என்பதற்கு எங்கும் எந்த உரிமையும் இல்லை. புண்படுத்தும் சொல்லை நீக்கியபோது, அதற்குள் மறைந்திருந்த சிறு பாதுகாப்பும் உடன் போய்விடவில்லையா? சொல்லை மாற்றுவது மாநிலத்தின் கையில் இருந்தது, மாற்றினார்கள். சட்டத்தை மாற்றுவது தில்லியின் கையில் இருக்கிறது. புதுவீட்டின் சுவர் உறுதியாக இருக்கலாம்; அதில் வாழ்பவர் அதனை விற்கவோ, அடகுவைத்து மகளின் படிப்புக்குக் கடன் பெறவோ இயலாதவரை அது நன்கு வெள்ளையடித்த சத்திரமே.

இலக்கியமும் கலையும் இதில் என்ன செய்தன? ஈழப்போரைப்பற்றித் தமிழகத்தில் கவிதைகள் மலைபோல் குவிந்தன. பக்கத்து ஊர் முகாமைப்பற்றிய எழுத்து கைவிரல் விட்டு எண்ணத்தக்கது. வீரமும் களமும் தந்த கிளர்ச்சியை, குடிநீர்க் குழாயடியும் கணக்கெடுப்பு வரிசையும் தரவில்லை போலும். முகாமில் வாழ்ந்த தொ. பத்திநாதன் எழுதி 2007-இல் காலச்சுவடு வெளியிட்ட ‘போரின் மறுபக்கம்’ இதற்கு அரிய விலக்கு. அணிகளைத் தேடுவோர்க்கு அந்நூல் ஏமாற்றமளிக்கும். மனு எழுதுபவரின் நேர்மையோடு எழுதப்பட்டது. அந்த வறட்சியே அதன் வலிமை என்பது என் கருத்து. துயரத்தை அழகாக்க மறுக்கும் நடை நம் மொழியில் அரிது.

திரைப்படத்துக்கு வந்தால், 2002-இல் வெளியான மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ நினைவுக்கு வரும். அதன் சிறுமி இராமேசுவரத்து முகாமில் பிறந்தவள். சென்னைக் குடும்பமொன்று அவளைத் தத்தெடுத்து வளர்க்கிறது. கதையோ அவளை அக்கரைக்குத் தாயைத் தேடி அழைத்துப்போகிறது. உருக்கமான படம், மறுப்பதற்கில்லை. ஆனால் முகாம் அதில் விட்டு நீங்கவேண்டிய இடமாக மட்டுமே வருகிறது. அவளோடு அதே மாதத்தில் அங்கே பிறந்து, தத்தெடுக்க எவரும் வராத பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்ற வினா படத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. அப்பிள்ளைகள் இன்று நடுவயதை எட்டிக்கொண்டிருப்பர்.

நம் மறையுரைகளிலும் இதனையொத்த குறை ஒன்று உண்டு. சத்திரத்தில் இடமில்லை என்ற லூக்காவின் காட்சியில் நாம் நெடுநேரம் நிற்கிறோம். மத்தேயு கூறும் எகிப்துப் பயணத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். பெத்லகேமுக்கு அவர்கள் சென்றது குடிமதிப்புக்காக. அங்கே அவர்கள் பயணிகள். எகிப்துக்குச் சென்றது உயிர்தப்ப. அங்கே அவர்கள் அகதிகள். எகிப்தும் உரோமையர் கையில்தான் இருந்தது. ஆனால் ஏரோதின் ஆணை அங்கே செல்லாது. எல்லைக்கோட்டின் முழுப்பயனும் ஓர் அகதிக்கு அவ்வளவுதான்: துரத்துபவனின் ஆணை செல்லாத நிலம். ஏரோது இறந்தபின், திரும்பிப் போகலாம் என்று யோசேப்பிடம் சொன்னவர் ஆண்டவரின் தூதர். எகிப்தின் அதிகாரி எவரும் நாள் குறித்து நெருக்கியதாக நற்செய்தியில் இல்லை. 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ‘எக்சுல் பமிலியா’ என்ற திருத்தூதுக் கொள்கை விளக்கத்தில், நாடுவிட்டு நாடு சென்ற இத்திருக்குடும்பத்தையே உலகின் எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக வைத்தார். வியட்நாம் தோணி மக்களின் துயரத்தைக் கண்டு அருட்தந்தை பேதுரு அருப்பே 1980-இல் தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, தமிழக முகாம்களில் கல்விப்பணி ஆற்றி வந்திருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் பொறுப்பேற்றபின் உரோமைக்கு வெளியே முதன்முதலாகச் சென்றது, 2013 சூலையில், தோணிகள் கவிழும் இலாம்பெதூசாத் தீவுக்கு.

இந்தியாவிலேயே அண்மை எடுத்துக்காட்டு மிசோரம். 2021-இல் மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் சின் மக்கள் எல்லை கடந்து வந்தனர். வருவோரைத் தடுக்குமாறு உள்துறை அமைச்சகம் எழுதியது. வருபவர் எங்கள் உறவினர் என்று மாநில அரசு தில்லிக்கு மறுமொழி எழுதிற்று. திருச்சபைகளும் இளைஞர் சங்கமும் உணவும் கூரையும் தந்தன. சிறிய, வறிய மாநிலம் அது.

முகாமில் இருப்போர் எல்லாரும் இந்தியக் குடியுரிமையை வேண்டுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மண்ணுக்குத் திரும்ப விழைவோர் உள்ளனர். தந்தை செல்வாவின் மைந்தர் எஸ்.சி. சந்திரகாசன் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அத்தகைய திரும்புதலுக்காக நெடுங்காலம் உழைத்திருக்கிறது. வீடு என்பது இங்கேயா அங்கேயா என்று தேர்பவர் அவர்களாக இருக்கட்டும். ஆயினும் தாள் இல்லாதவரால் இரண்டில் எதையும் தேர முடியாது.

தாள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1987 சூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், குடியுரிமைச் சட்டத்தின்படி பிறப்பால் இந்தியர். 1983-க்கும் 1987-க்கும் இடையில் முகாம்களில் பிறந்த பலருக்கு இது பொருந்தும். தங்களுக்குப் பொருந்தும் என்பது அவர்களுள் பலர்க்குத் தெரியாது. முகாமில் அவ்வாறு பிறந்த பெண்மணி ஒருவர் நீதிமன்றம் சென்று இவ்வுரிமையை நிலைநாட்டி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அந்நாளில் இடம்பெயர்ந்துகொண்டேயிருந்த குடும்பங்கள் பலவற்றில் அது பதியப்படாமலோ தொலைந்தோ போயிருக்கக் கூடும். ஆனால் கத்தோலிக்கக் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்த குருவானவர் பதிவேட்டில் எழுதியிருப்பார்: பிறந்த நாள், பிறந்த இடம், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர். முகாம்களை அடுத்த பங்குகளின் அலமாரிகளில் அப்பதிவேடுகள் இருக்கின்றன. அதுபோலவே, மலையகத்துக்குப் போன குடும்பங்களின் பழைய திருமுழுக்கும் திருமணமும் இப்பகுதியின் தொன்மையான பங்குகளில் எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. வழக்கறிஞர்க்கு அவை துணைச் சான்றாகப் பயன்படும். படித்த பொதுநிலையினர் இருவர் மூவர், பங்குத்தந்தையின் இசைவோடு, ஞாயிறு பிற்பகலில் அமர்ந்து 1983 முதல் 1987 சூன் வரையிலான பக்கங்களைப் புரட்டி, முகாம் என்று குறிக்கப்பட்ட பெயர்களைத் தனித்தாளில் எடுத்தெழுதினால் போதும். பூச்சியரித்த பதிவேடுகளும் இருக்கின்றன. ஆகையால் விரைந்து செய்வது நலம்.